மார்பகம் எடுத்த பிறகு இம்ப்ளான்ட்: முடிவெடுப்பதற்கு முன்னும் பின்னும்

மார்பகத்தை முழுசாக எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி முடித்த கையோடு, சில மருத்துவமனைகளில் அடுத்த கேள்வியும் வந்துவிடுகிறது: "கூடவே இம்ப்ளான்டும் வெச்சிடலாமாம்மா?" இம்ப்ளான்ட் என்பது எடுத்த மார்பகத்தின் இடத்தில் உள்ளே வைக்கும், சிலிகான் ஜெல்லோ உப்புநீரோ நிரப்பிய பை. புற்றுநோய் என்ற சொல்லே இன்னும் மனசுக்குள் இறங்காத நேரம் அது. சிலர் கேள்வி புரியாமலே தலையாட்டிவிடுகிறார்கள். சிலர் பயந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு கண்ணாடி முன்னால் நின்று வருந்துகிறார்கள். இந்த இரண்டும் உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். புற்றுநோய் அறுவை வார்டில் செவிலியராக இருப்பதால், டாக்டரிடம் கேட்கத் தயங்கி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்தான் இந்தக் கட்டுரையின் வரிசையைத் தீர்மானித்தன.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: எந்த கம்பெனி இம்ப்ளான்ட், எவ்வளவு செலவு, எவ்வளவு பெரிசு என்பதெல்லாம் பின்னால் வரும் கேள்விகள். முதல் கேள்வி, "எனக்கு ரேடியேஷன் தேவைப்படுமா?" என்பதுதான்.

முதல் படி: இது வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

புற்றுநோய்க் கட்டியை எடுப்பதைத் தள்ளிப்போட முடியாது. ஆனால் மார்பகத்தை மறுபடி உருவாக்குவதை, அதாவது புனரமைப்பை, தள்ளிப்போடலாம். அதே அறுவையில் செய்யலாம். கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் செய்யலாம். ஐந்து வருடம் கழித்தும் செய்யலாம். உடனே செய்வதில் ஒரு நன்மை உண்டு: மார்பகத்தின் தோலை, சில நேரம் காம்பையும்கூட, அப்படியே விட்டுவைத்து உள்ளிருக்கும் திசுவை மட்டும் எடுக்க முடியும், வடிவம் நன்றாக வரும். தள்ளிச் செய்யும்போது தோல் குறைவாக இருக்கும் என்பதால் வேலை கூடுகிறது. ஆனாலும் கதவு மூடுவதில்லை.

செய்யாமலே விடுவதும் முழுமையான ஒரு முடிவுதான். தட்டையான மார்போடு நிம்மதியாக, முழு வாழ்க்கை வாழும் பெண்கள் ஏராளம். வெளியே போகும்போது பிராவுக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகம் சிலிகானில் செய்ததும் கிடைக்கிறது, பருத்தி நூலில் பின்னியதும் கிடைக்கிறது. பின்னியவற்றை இலவசமாகத் தரும் தன்னார்வக் குழுக்களும் உண்டு; உங்கள் மருத்துவமனையின் சமூகப் பணியாளரைக் கேளுங்கள். வீட்டில் யாராவது "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு" என்று சொன்னாலும், "வெச்சுக்கோ, இல்லாட்டி நாலு பேரு என்ன சொல்வாங்க" என்று சொன்னாலும், இரண்டையும் ஓரமாக வைத்துவிடுங்கள். உடம்பு உங்களுடையது.

இம்ப்ளான்ட் வைத்தால் புற்றுநோய் திரும்ப வருமா என்று ஏறக்குறைய எல்லோருமே கேட்கிறார்கள். புனரமைப்பு செய்துகொண்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதில்லை என்பது பல வருட அனுபவத்தில் தெளிவாகியிருக்கிறது. திரும்பிய நோயை இம்ப்ளான்ட் மறைத்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். அந்த இடத்தில் நோய் திரும்பினால் பெரும்பாலும் தோலிலோ தோலுக்கு அடியிலோதான் வரும். அது இம்ப்ளான்டுக்கு முன்னால் இருப்பதால் கையால் தடவியே கண்டுபிடிக்க முடிகிறது.

எதிர்பார்ப்பையும் சரியான அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். உடைக்குள் வடிவம் கிடைக்கும். பழைய மார்பகம் கிடைக்காது. தொட்டால் தெரியும் உணர்ச்சி பெரும்பாலும் போய்விடும். காம்பை விட்டுவைத்தாலும் அதற்கும் பழைய உணர்ச்சி இருக்காது. படுத்தால் இயற்கையான மார்பகம் பக்கவாட்டில் சரியும், இம்ப்ளான்ட் நின்ற இடத்தில் நிற்கும். குளிர்காலத்தில் கொஞ்சம் சில்லென்றும் தெரியும். இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்தான் பின்னால் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்பது நான் கண்ணால் பார்ப்பது.

இரண்டாம் படி: ரேடியேஷன் உண்டா என்று தெளிவாகக் கேளுங்கள்

ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சைதான் இம்ப்ளான்டின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

உடம்புக்குள் எந்த வெளிப்பொருளை வைத்தாலும், அதைச் சுற்றி உடம்பு மெல்லிய ஓர் உறையைக் கட்டும். இது இயல்பு. கதிர்வீச்சு பட்ட திசுவில் ரத்த ஓட்டம் குறையும், நார்த்தன்மை கூடும். அதனால் அந்த உறை தடித்து, சுருங்கி, இம்ப்ளான்டை இறுக்கிப் பிடிக்கிறது. மார்பகம் கல் போல இறுகும், மேலே ஏறி நிற்கும், வலிக்கும். தோலும் எளிதில் ஆறாது. கிருமி புகுந்தால் எதிர்த்து நிற்கும் சக்தியும் குறைவு.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 மருத்துவ மையங்கள் சேர்ந்து 2012 முதல் நடத்திய பெரிய ஆய்வு ஒன்றின் கணக்கு, 2018-ல் வெளிவந்தது. இம்ப்ளான்ட் வைத்து ரேடியேஷனும் வாங்கியவர்களில் 100-க்கு 39 பேருக்கு இரண்டு வருடத்துக்குள் ஏதோ ஒரு சிக்கல் வந்தது. ரேடியேஷன் வாங்காத இம்ப்ளான்ட்காரர்களில் அது 22 பேர். இன்னும் முக்கியமானது, புனரமைப்பே தோற்றுப்போவது, அதாவது இம்ப்ளான்டை எடுத்துவிட நேர்வது: ரேடியேஷன் வாங்கியவர்களில் 100-க்கு 19 பேர், வாங்காதவர்களில் 4 பேர். அதே ஆய்வில், வயிற்றுச் சதை போன்ற சொந்தத் திசுவை வைத்து மார்பகம் செய்துகொண்டு ரேடியேஷன் வாங்கியவர்களில் தோல்வி 100-க்கு ஒருவர்தான்.

இந்த எண்களைப் பார்த்து, ரேடியேஷன் உண்டென்றால் இம்ப்ளான்டே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 100-ல் 80 பேருக்கு மேல் இம்ப்ளான்ட் தங்கத்தான் செய்தது. ஆனால் ஐந்தில் ஒருவருக்குத் தங்கவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவது வேறு, தெரியாமல் போடுவது வேறு.

யாருக்கு ரேடியேஷன் வரும்? கட்டி 5 செ.மீ.க்கு மேல் பெரிசாக இருந்தாலோ, தோலையோ மார்புச் சுவரையோ தொட்டிருந்தாலோ, அக்குளில் 4 அல்லது அதற்கு மேற்பட்ட நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) நோய் இருந்தாலோ ஏறக்குறைய நிச்சயம். 1 முதல் 3 நெறிகளில் இருந்தாலும் இப்போது பலருக்குக் கொடுக்கிறார்கள். நம் பக்கத்தில் பெண்கள் கட்டி பெரிசான பிறகுதான் வருகிறார்கள் என்பதால் ரேடியேஷன் வேண்டியவர்கள் நம்மிடையே அதிகம். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து நாமும் அப்படியே செய்துகொள்ளலாம் என்று முடிவுகட்டக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013-ல் இரண்டு மார்பகங்களையும் எடுத்து இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டதை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அவருக்குப் புற்றுநோய் வந்திருக்கவில்லை. பிஆர்சிஏ1 மரபணுக் கோளாறு இருந்ததால் வருமுன் காப்பதற்காக எடுத்துக்கொண்டார். கீமோவும் இல்லை, ரேடியேஷனும் இல்லை. இம்ப்ளான்டுக்கு அதைவிட நல்ல சூழல் அமையாது.

சில நேரம் ரேடியேஷன் தேவையா என்பது அறுவைக்குப் பிறகு பயாப்ஸி ரிப்போர்ட் வந்தால்தான் தெரியும். அப்படியென்றால் டாக்டர்கள் முன்வைக்கும் வழிகள் பொதுவாக மூன்று. இப்போதைக்கு மார்பகத்தை மட்டும் எடுத்துவிட்டு, எல்லா சிகிச்சையும் முடிந்தபின் புனரமைப்பது. அல்லது, தோல் சுருங்காமல் இருக்க ஒரு தற்காலிக எக்ஸ்பாண்டரை, அதாவது உப்புநீர் ஏற்றும் பலூன் மாதிரியான பையை வைத்து, ரேடியேஷன் முடிந்து சில மாதம் கழித்து நிரந்தரமான ஒன்றுக்கு மாறுவது. மூன்றாவது, வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சொந்தச் சதையை எடுத்துச் செய்வது. மூன்றாவது பெரிய அறுவை, பல மணி நேரம் பிடிக்கும், எடுத்த இடத்திலும் தழும்பு இருக்கும். ஆனால் கதிர்வீச்சைத் தாங்கும் சக்தி அதற்குத்தான் அதிகம். மேலே சொன்ன ஆய்வில் ரேடியேஷன் வாங்கியவர்களில் மனநிறைவும் அதைச் செய்துகொண்டவர்களிடமே தெளிவாகக் கூடுதலாக இருந்தது.

ஆகவே புற்றுநோய் சர்ஜன், ரேடியேஷன் டாக்டர், பிளாஸ்டிக் சர்ஜன் மூவரும் பேசிக்கொண்ட பிறகே தேதி குறியுங்கள். "மூணு பேரும் சேர்ந்து பேசிட்டீங்களா சார்?" என்று நேராகவே கேட்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மூன்றாம் படி: எந்த முறை என்று புரிந்துகொள்ளுங்கள்

ஒரே அறுவையில் நிரந்தர இம்ப்ளான்டை வைத்துவிடுவது ஒரு முறை. தோல் போதுமான அளவு, நல்ல ரத்த ஓட்டத்தோடு இருந்தால்தான் இது சரிவரும். இன்னொன்று இரண்டு கட்ட முறை: முதலில் காலியான பலூன் மாதிரி ஓர் எக்ஸ்பாண்டரை வைத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றித் தோலை விரித்து, சில மாதம் கழித்து இரண்டாவது அறுவையில் இம்ப்ளான்டை மாற்றி வைப்பது.

மார்புத் தசைக்கு அடியில் வைப்பதா, மேலே வைப்பதா என்பது அடுத்தது. அடியில் வைத்தால் இம்ப்ளான்டின் மேல் மறைப்பு கூடுதல், ஆனால் வலியும் கூடுதல். வாளி தூக்கும்போதும் கதவைத் தள்ளும்போதும் தசை இறுகி மார்பகம் நெளிவது வெளியே தெரியும். மேலே வைத்தால் அந்த நெளிவு இல்லை. ஆனால் ஒல்லியானவர்களுக்கு இம்ப்ளான்டின் விளிம்பும் சுருக்கமும் தோல் வழியே தெரியலாம்.

இம்ப்ளான்டைத் தாங்கிப் பிடிக்க ஒரு வலையோ, பதப்படுத்திய தோல் திசுவோ வைப்பதுண்டு. அந்தத் திசு பன்றி, மாடு அல்லது இறந்த மனிதர் தானம் செய்த தோலிலிருந்து வருவது. இதை யாரும் தானாகச் சொல்வதில்லை. மத நம்பிக்கை காரணமாகவோ வேறு காரணத்துக்காகவோ உங்களுக்கு ஆட்சேபணை இருந்தால் முன்பே கேட்டுவிடுங்கள். செயற்கை வலையும் உண்டு.

மேற்பரப்பு வழவழப்பானதா, சொரசொரப்பானதா என்று கட்டாயம் கேளுங்கள். வழவழப்பானதைக் கேட்டு வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. காரணம் கடைசிப் பகுதியில் வருகிறது.

நான்காம் படி: உடம்பைத் தயார் செய்யுங்கள்

சிக்கலைக் கூட்டும் காரணங்களில் உங்கள் கையில் இருப்பவை மூன்று: புகையிலை, சர்க்கரை, எடை.

நிகோடின் தோலின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. மார்பகத் திசுவை எடுத்தபின் மிஞ்சும் தோல் ஏற்கெனவே மெல்லிய ரத்த ஓட்டத்தில்தான் உயிரோடு இருக்கிறது. அதுவும் சுருங்கினால் தோல் கறுத்து அழுகி, இம்ப்ளான்ட் வெளியே தெரியும் நிலை வரும். "நான் சிகரெட்டே பிடிக்கிறதில்லையே" என்று நிம்மதியாகச் சொல்லும் அம்மாக்கள் வெற்றிலையோடு புகையிலை போடுவதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அதுவும் நிகோடின்தான். அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்துங்கள், ஆறும்வரை தொடாதீர்கள்.

சர்க்கரை இருந்தால் மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்து டாக்டரிடம் காட்டுங்கள். உடல் எடை மிக அதிகமாக இருந்தால், இம்ப்ளான்டைத் தள்ளிப்போட்டு எடையைக் குறைத்த பிறகு செய்யலாம் என்று டாக்டர் சொன்னால் மனம் வருந்தாதீர்கள். அது நல்ல அறிவுரை. ரத்தத்தை இளக்கும் மாத்திரை, நாட்டு மருந்து, சத்து மாத்திரை எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: சர்ஜனிடம் எண்களைக் கேளுங்கள்

பிரிட்டனில் 81 மருத்துவமனைகளில் 2014 முதல் 2016 வரை, இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட 2,108 பெண்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். ஐப்ரா ஆய்வு என்று பெயர். அறுவை முடிந்த மூன்றே மாதத்தில் 100-க்கு 9 பேர் இம்ப்ளான்டை இழந்திருந்தார்கள். 25 பேருக்குத் தொற்றுக்காக மருந்து தேவைப்பட்டது. 18 பேர் மறுபடி அட்மிட் ஆனார்கள், 18 பேர் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார்கள். இம்ப்ளான்ட் இழப்பு 100-க்கு 5-க்குள் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு சர்ஜன்கள் தங்களுக்கே வகுத்துக்கொண்ட இலக்கு. நல்ல வசதியும் நல்ல கைகளும் உள்ள இடத்திலேயே அதை எட்டுவது கடினமாக இருந்திருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் சர்ஜனிடம் என்ன கேட்பது என்பது தானாகவே புரியும். வருடத்துக்கு இந்த அறுவை எத்தனை செய்கிறீர்கள், உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்கு இம்ப்ளான்டை எடுக்க நேர்ந்தது, அப்படி நேர்ந்தால் எனக்கு அடுத்த வழி என்ன, சொந்தச் சதை வைத்துச் செய்யும் வசதி இங்கே இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள். கடைசிக் கேள்வி மிக முக்கியம். ஒரே ஒரு முறை மட்டும் செய்யத் தெரிந்த இடத்தில், எல்லோருக்கும் அந்த ஒரு முறையே சரியானதாகத் தோன்றும்.

அவர் செய்த அறுவைகளின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். நன்றாக வந்ததை மட்டுமில்லாமல், சுமாராக வந்ததையும் கேளுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள், பதில்களைக் குறித்துக்கொள்ள. பாதிக்கு மேல் வெளியே வந்ததும் மறந்துபோகும்.

கீமோவும் பாக்கி இருந்தால், தொற்று வந்து புண் ஆறாமல் போனால் கீமோ தள்ளிப்போகும் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். சிக்கலில்லாமல் ஆறிவிட்டால் தாமதம் பெரிதாக இருக்காது. அறுவைக்கு முன்பே கீமோ வாங்கியிருந்தால், ரத்த அணுக்கள் தேற சில வாரம் விட்டுத்தான் தேதி கொடுப்பார்கள்.

இன்ஷூரன்ஸ்

"இது அழகுக்காகச் செய்வது, கிளெய்ம் கிடையாது" என்று கவுன்ட்டரில் சொன்னால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ எல்லா மருத்துவக் காப்பீட்டுக்கும் பொதுவாக வகுத்திருக்கும் விலக்குப் பட்டியலில், 08 என்ற எண்ணுள்ள பிரிவு அழகு அறுவையையும் பிளாஸ்டிக் சர்ஜரியையும் விலக்குகிறது. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகு செய்யும் புனரமைப்பு அந்த விலக்கில் சேராது என்று அதே பிரிவிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் பாலிசியில் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் முன் அனுமதிக் கடிதத்திலும் "புற்றுநோய்க்காக மார்பகம் அகற்றியதைத் தொடர்ந்து புனரமைப்பு" என்று தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். இம்ப்ளான்டுக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா, இரண்டாவது கட்ட அறுவைக்கும் பணம் வருமா, மறுபக்க மார்பகத்தைச் சமப்படுத்துவதற்கு வருமா என்பதைக் கம்பெனியிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: டிரெயின் குழாயோடு வீட்டுக்கு வருவது

அறுவை முடிந்து கண் விழிக்கும்போது, உள்ளே ஊறும் திரவத்தை வெளியேற்ற, பக்கவாட்டில் ஒன்றோ இரண்டோ மெல்லிய குழாய்கள் வந்து ஒரு பிளாஸ்டிக் குடுவையில் முடியும். பெரும்பாலானோர் இதோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள். இம்ப்ளான்டைக் காப்பாற்றுவதில் உங்கள் பங்கு இங்கேதான் பெரிசு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முன்பக்கம் பட்டன் வைத்த பருத்தி நைட்டி நாலைந்து வாங்கி வையுங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கி எதையும் போட முடியாது. குடுவையை நைட்டியின் உட்புறம் ஊக்கு போட்டு மாட்டுங்கள், அல்லது துணிப்பையில் போட்டுத் தோளில் தொங்கவிடுங்கள். எதிலும் மாட்டாமல் நடந்தால் குழாய் இழுபட்டு தையல் நோகும்.

தினமும் ஒரே நேரத்தில், காலை ஆறு மணி என்றால் எல்லா நாளும் ஆறு மணி, திரவத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். முதலில் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். தோலுக்குப் பக்கத்தில் குழாயை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கை விரல்களால் குடுவைப் பக்கமாக வழித்துவிடுங்கள். உள்ளே உறைந்திருக்கும் நூல் போன்ற ரத்தத் துணுக்குகள் இறங்கிவிடும். மூடியைத் திற, அளவுக் குவளையில் ஊற்று, குடுவையை நன்றாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி அப்படியே மூடு. அமுக்காமல் மூடினால் உறிஞ்சும் சக்தி இருக்காது. திரவம் உள்ளேயே தேங்கும். மூடியின் வாயில் விரல் படக்கூடாது. நிறம் நாளுக்கு நாள் சிவப்பிலிருந்து ரோஸ், பிறகு வைக்கோல் நிறம் என்று மாற வேண்டும். 24 மணி நேரத்தில் சுமார் 30 மி.லி.க்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் பொதுவாக எடுத்துவிடுவார்கள். சீக்கிரம் எடுக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். அதே சமயம் வாரக்கணக்கில் விட்டுவைத்தால் அந்தக் குழாய் வழியே கிருமி ஏறும். நோட்டைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும்.

மல்லாந்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துத் தூங்குங்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த தோள் பயிற்சிகளைச் சொன்ன நாளிலிருந்து சொன்ன அளவுக்குச் செய்யுங்கள். தோள் இறுகிவிட்டால் ரேடியேஷனுக்குக் கையைத் தூக்கிப் படுக்கவே முடியாமல் போகும். குடம், கேஸ் சிலிண்டர், குழந்தை, எதையும் தூக்காதீர்கள்.

வலிக்கிறதென்று வெந்நீர்ப் பையோ சூடான ஒத்தடமோ மார்பின் மேல் வைக்கவே கூடாது. அந்தத் தோலில் சூடு தெரியாது. வெந்துபோன பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். இது முதல் மாதத்துக்கு மட்டுமல்ல, எப்போதைக்கும்.

எப்போது உடனே ஓட வேண்டும்

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல். நாளுக்கு நாள் பரவும் சிவப்பு. தொட்டால் மறுபக்கத்தைவிடச் சூடாக இருப்பது. திடீரென்று ஒரு பக்கம் மட்டும் வீங்குவது. தையலிலிருந்து சீழோ, கலங்கிய நீரோ கசிவது. தோல் நீலம் பாரித்து, பிறகு கறுப்பது. குழாயில் திடீரென்று புது ரத்தம் கொட்டுவது. காலில் வீக்கமும் வலியும், அல்லது மூச்சுத் திணறல். இவற்றில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் அறுவை செய்த மருத்துவமனைக்கே போங்கள். பக்கத்துக் கிளினிக்கில் ஓர் ஊசி போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்பதுதான் இம்ப்ளான்டை இழக்க வைக்கிறது. சீக்கிரம் வந்தால் ஆன்டிபயாடிக்கிலோ, உள்ளே கழுவி இம்ப்ளான்டை மாற்றியோ காப்பாற்ற வாய்ப்பு உண்டு. தொற்று முதல் சில வாரத்தில்தான் வரும் என்றும் நினைக்காதீர்கள். கீமோ நடக்கும்போது, மாதங்கள் கழித்தும் வரும்.

எடுக்க நேர்ந்தாலும் அது உங்கள் தவறாகிவிடாது. சில மாதம் ஆறவிட்டு மறுபடி முயலலாம், சொந்தச் சதைக்கு மாறலாம், அல்லது அத்தோடு விட்டுவிடலாம்.

ஏழாம் படி: எக்ஸ்பாண்டர் நிரப்பும் நாட்கள்

இது வெளிநோயாளியாக வந்து செய்துகொண்டு போகும் வேலை. டாக்டர் ஒரு சிறு காந்தத்தைத் தோலின் மேல் நகர்த்தி, உள்ளே இருக்கும் உலோக வால்வு எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்து, பேனாவால் குறியிடுவார். அந்த இடத்தில் மெல்லிய ஊசி வழியாக, ஒரு தடவைக்கு 50 முதல் 100 மி.லி. வரை உப்புநீர் ஏற்றுவார். தோல் மரத்திருப்பதால் ஊசி பெரும்பாலும் தெரியாது. அன்றும் மறுநாளும் இறுக்கமாகக் கட்டுப்போட்ட மாதிரி இருக்கும், பாராசிட்டமால் போதும். வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ வர வேண்டியிருக்கும். தாங்க முடியாத இறுக்கமாக இருந்தால் சொல்லுங்கள், கொஞ்சம் வெளியே எடுத்துவிடலாம்.

காந்த வால்வுள்ள எக்ஸ்பாண்டர் உள்ளே இருக்கும்வரை எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கக் கூடாது. முதுகுவலிக்காக வேறு டாக்டர் எழுதிக்கொடுத்தாலும், ஸ்கேன் சென்டரில் நீங்களாகவே இதைச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: வருடங்கள் போன பிறகு

இம்ப்ளான்ட் ஆயுசுக்கும் வைக்கும் பொருள் அல்ல. மருந்து, மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ, இதை இம்ப்ளான்டின் விவரக்குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கையாக அச்சிட வேண்டும் என்று 2021 அக்டோபரில் உத்தரவிட்டது. அறுவைக்கு முன் நோயாளியோடு உட்கார்ந்து ஒவ்வோர் ஆபத்தாகப் படித்துக் கையெழுத்து வாங்கும் பட்டியலையும் அப்போதே கட்டாயமாக்கியது. 40 வயதில் வைத்துக்கொண்டால் வாழ்நாளில் இன்னொரு அறுவையாவது வரும் என்று கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. இறுகலுக்காக இருக்கலாம், கிழிசலுக்காக இருக்கலாம், ஒருபக்கம் தாழ்ந்து போனதற்காக இருக்கலாம்.

சிலிகான் ஜெல் இம்ப்ளான்ட் கிழிந்தாலும் வெளியே எதுவும் தெரியாமல் போகலாம். அதனால் அறிகுறி இல்லாவிட்டாலும் 5 அல்லது 6 வருடம் ஆனதும் ஒருமுறை, பிறகு 2, 3 வருடத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது எஃப்டிஏவின் பரிந்துரை. மறுபக்க மார்பகத்துக்கு மேமோகிராம் வழக்கம்போல வருடாவருடம் தொடர வேண்டும். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது இம்ப்ளான்ட் கார்டைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கம்பெனி பெயர், மாடல், வரிசை எண், அளவு, மேற்பரப்பு எல்லாம் இருக்கும். அதைப் போனில் படம் எடுத்து மகளுக்கோ தங்கைக்கோ அனுப்பி வையுங்கள். பிரான்ஸில் பிஐபி என்ற கம்பெனி மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைகளுக்கான சிலிகானை நிரப்பி விற்றது 2010-ல் அம்பலமானது. பல நாடுகளில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் உடம்புக்குள் இருப்பது அதுதானா என்று தேட வேண்டியிருந்தது. கார்டு இருந்தவர்களுக்கு ஒரே நாளில் பதில் கிடைத்திருக்கும்.

இனி, சொரசொரப்பான இம்ப்ளான்ட் ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். அதைச் சுற்றியுள்ள உறையில், மிக அரிதாக, ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் வரலாம். இது மார்பகப் புற்றுநோய் அல்ல. எஃப்டிஏ 2011-ல் முதன்முதலாக இதைப் பற்றி எச்சரித்தது. அல்லர்கன் கம்பெனி தன் பயோசெல் என்ற சொரசொரப்பு வகை இம்ப்ளான்ட்களை 2019 ஜூலையில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. வழவழப்பானதை மட்டுமே வைத்துக்கொண்டவர்களிடம் இது ஏறக்குறைய இல்லவே இல்லை. ஏற்கெனவே சொரசொரப்பானதை வைத்திருப்பவர்கள், தொந்தரவு எதுவும் இல்லையென்றால் பயந்து அதை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கவனமாக இருக்க வேண்டும்.

இந்த நோயின் வழக்கமான அடையாளம் இது: எல்லாம் ஆறி, எந்தத் தொல்லையும் இல்லாமல் இருந்த மார்பகம், பெரும்பாலும் 8, 10 வருடம் கழித்து, காரணமில்லாமல் ஒரு பக்கம் மட்டும் வீங்கும். இம்ப்ளான்டைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கும். "நீர் கோத்திருக்கு, எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று ஊசியால் உறிஞ்சிக் கொட்டிவிட அனுமதிக்காதீர்கள். அந்த நீரைச் சோதனைக்கு அனுப்பி, சிடி30 என்ற பரிசோதனையையும் கேட்கச் சொல்லுங்கள். உறைக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால், இம்ப்ளான்டையும் உறையையும் முழுசாக எடுத்துவிடுவதே பெரும்பாலானோருக்குப் போதுமான சிகிச்சை. நீரையோ உறையையோ சோதனைக்கு அனுப்பும்போது இம்ப்ளான்ட் கார்டின் நகலையும் கூடவே கொடுங்கள். எந்த வகை இம்ப்ளான்ட் என்று தெரிந்தால் பரிசோதிக்கும் டாக்டருக்கு எதைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.